அலமாரிக்குள் ஒரு சேனல்

1

குவைத்தில் நாங்கள் இருக்கும் அப்பாசியா பகுதியில் தடுக்கி விழுந்தால் ஒரு பக்காலா. மளிகைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். எங்கள் கட்டடத்துக்குக் கீழேயும் ஒன்று இருக்கிறது. போன வாரம் டியூட்டி முடிந்து வரும் வழியில் அதில் ஏறினேன். பருப்பு, தயிர், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் சாதாரணக் குரலில் கேட்டு வாங்கினேன். கடைசியாக, பெண்கள் மட்டும் வாங்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. பின்னால் நான்கைந்து ஆண்கள் நின்றதால், கல்லாவில் இருந்தவரிடம் குனிந்து மூச்சோடு மூச்சாகக் கேட்டேன்.

"சிஸ்டர்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். முன்பின் பார்த்திராத ஒருவர். கம்பெனி டிரைவர் சட்டை, கையில் குபூஸ் ரொட்டிப் பாக்கெட்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். நீங்க 'பைய' சேனல்தானே? ரொம்ப நேரமா உங்க பின்னாடிதான் நிக்கிறேன், தெரியல. இப்ப மெதுவாப் பேசுனீங்க பாருங்க, டக்குனு புடிச்சிட்டேன்."

நான் தலையாட்டினேன். கடைக்காரர் அந்தப் பொருளைக் கறுப்புப் பையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் ராமநாதபுரம் சிஸ்டர். உங்களாலதான் நான் தூங்குறேன்" என்றார் அவர், கடை முழுக்கக் கேட்கும்படி.

வரிசையில் நின்ற மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஊரில் இருக்கும் நீங்கள் இந்தச் சேனலைப் பற்றி என்னென்னவோ கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்தது இவ்வளவுதான் என்று ஒருமுறை எழுதிவிடலாமே என்று அன்றைக்குத் தோன்றியது.

2

நான் ஜெசிந்தா. குமரி மாவட்டக் கடற்கரைக்காரி. இங்கே ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கணவர் சகாயம் ஏசி டெக்னீசியன். ஒரே மகள் ஷெரின், இங்கேயே பிறந்தவள். மூன்று அறைகள் உள்ள ஃபிளாட்டில் ஓர் அறையை பிந்து என்ற மலையாளி நர்ஸுக்கு ஷேரிங்காகக் கொடுத்திருக்கிறோம். அப்பாசியாவில் இதெல்லாம் சாதாரணம்.

ஷெரின் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மதியம் காதில் இயர்போன் மாட்டி, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் கிடந்த போன் திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முகத்தை கேமராவோடு ஒட்ட வைத்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். இயர்போனைப் பிடுங்கினேன்.

"என்னட்டீ இது?"

"மம்மி, ப்ளீஸ். இட்ஸ் ஜஸ்ட் சவுண்ட்."

"அவ என்னத்த ஒனக்க காதுல ஓதுகா?"

"ஓதல. ஷி இஸ் கவுண்டிங் பட்டன்ஸ்."

நான் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஒரு டப்பாவில் கிடந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். அதற்குக் கீழே உலகம் பூராவும் இருந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சகாயத்துக்கு போன் செய்து சொன்னேன். அவர் ஏதோ கட்டடத்தின் மாடியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"பொத்தான எண்ணுகதுல என்ன கேடு? படிச்சா போதும்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்து படுத்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தொந்தரவு உண்டு. மானிட்டர்களின் சத்தம் வீட்டுக்கும் கூடவே வரும். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்து அது ஒரு தடவை கூவினாலும் எழுந்து உட்காருவேன். ஷெரின் பள்ளிக்குப் போயிருந்தாள். அவளுடைய இயர்போன் மேசையில் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

யாராவது மடியில் தலையை வைத்துப் பேன் பார்த்தால் உச்சியிலிருந்து பிடரிக்கு ஒரு கூச்சம் இறங்குமே, அதுதான். அதைச் சொல்ல எனக்கு வேறு உவமை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் பேசிய ஆங்கிலம் இடைஞ்சல் செய்தது. பாதி புரிந்தது, மீதியைப் புரிந்துகொள்ள மூளை விழித்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஷெரினிடம் கேட்டேன்.

"தமிழ்ல இது இல்லியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பாள். போனில் தேடினாள்.

"கொஞ்சம் இருக்கு. பட் எல்லாரும் நியூஸ் ரீடர் மாதிரி பேசுறாங்க." பிறகு சொன்னாள், "நீ பேசு மம்மி. பேஷண்ட் கிட்ட பேசுவியே. நான் எடிட் பண்ணித் தரேன்."

வைஃபை பாஸ்வேர்டும் பள்ளி டைரியில் கையெழுத்தும் தவிர அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் சரி என்றேன். சேனல் தொடங்கியதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

3

முதல் எதிரி ஏசி. குவைத்தில் அது ஓடாத வீடு வீடே அல்ல. கட்டடம் முழுவதற்கும் ஒரே மத்திய இணைப்பு. நம் வீட்டில் நிறுத்தினாலும் குழாய்க்குள் காற்று இரைந்துகொண்டே இருக்கும். மனிதக் காதுக்கு அது பழகிவிடும். மைக்குக்குப் பழகாது. சகாயம் ஏணி போட்டு ஏறி, காற்று வரும் வாயில் பழைய கம்பளியைச் சுருட்டித் திணித்தார். "இருவது நிமிசம். அதுக்கு மேல போனா ரெண்டுபேரும் வெந்துருவிய" என்றார்.

இரண்டாவது எதிரி எதிரொலி. அதற்கு ஷெரின் கண்டுபிடித்த தீர்வு துணி அலமாரி. படுக்கையறைச் சுவரோடு கட்டிய அலமாரி அது. கீழ்த்தட்டைக் கழற்றினால் ஆள் உட்காரலாம். தொங்கும் சேலைகளுக்கும் குளிர்காலக் கோட்டுகளுக்கும் நடுவே நான் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வேன். எதிரே ஒரு சின்ன ஸ்டூலில் மைக். வெளியே ஷெரின் ஹெட்போனோடு. வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு விடுமுறை. காலையில் கோயிலுக்குப் போய்த் திருப்பலி பார்த்துவிட்டு வந்தால், ஜும்ஆ தொழுகை நேரத்தில் தெருவே அடங்கிக் கிடக்கும். கார் ஹாரன் இருக்காது. தண்ணீர் லாரி வராது. அந்த இடைவெளியில் பதிவு செய்வோம். பிந்து சமையலறையிலிருந்து கேட்பாள்: "சேச்சி, ஞான் இப்போ மிக்ஸி இடட்டே?" வேண்டாம் என்று கதவுக்கு வெளியே ஷெரின் கையை ஆட்டுவாள்.

கிசுகிசுப்பது லேசு என்று நினைத்திருந்தேன். 'ப' வரும் இடமெல்லாம் மைக்கில் பட்டாசு வெடித்தது. 'ச' வரும் இடமெல்லாம் பாம்பு சீறியது. மைக்குக்கு இரண்டு சர்ஜிக்கல் மாஸ்க்கைப் போட்டுவிட்டேன். அது சரிவந்தது. பூண்டு உரித்தேன். காயத்துக்கு ஒட்டும் மைக்ரோபோர் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தேன். கையுறையை உதறி மாட்டினேன். காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். அலமாரிக்குள் கருவாட்டு வாடை ஏறி, பள்ளிச் சீருடையில் ஒட்டி, ஷெரின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஆட்களுக்கு அந்த நெத்திலி வீடியோ பிடித்துவிட்டது.

அவர்கள் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சேனலுக்குப் பெயர் வைத்தது ஷெரின். 'விஸ்பர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கம்ப்யூட்டரில் கொடுத்து மொழிபெயர்த்து, 'தமிழ் கிசுகிசு' என்று வைத்துவிட்டாள். நான் டியூட்டியில் இருந்தேன். வந்து பார்த்தபோது முதல் வீடியோவுக்குக் கீழே வாசகம் வாசகமாகக் கோபம்.

"பத்து நிமிஷமா பூண்டு உரிக்கிறீங்க. எந்த நடிகைன்னு எப்ப சொல்வீங்க?"

"க்ளூ கூட இல்லையே மேடம்."

இன்னொருவர் உண்மையான அக்கறையோடு எழுதியிருந்தார்: "அக்காவுக்குத் தொண்டை போயிருக்கு. மிளகு, பனங்கற்கண்டு போட்டுப் பால் குடிக்கவும். தைராய்டு டெஸ்ட் பண்ணிப் பார்க்கவும்."

கிசுகிசு என்றால் நம் ஊரில் சினிமாக்காரர்களைப் பற்றிய வம்பு என்று ஷெரினுக்கு விளக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ மெதுவா, சாஃப்டா பேசுறதுக்கு என்ன வேர்ட்?"

"பைய."

"பையவா? போய்ஸ் மாதிரியா?"

"இல்ல மக்களே. பைய நட, பைய பேசு. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

அவள் அதை எழுதிப் பார்த்தாள். இரண்டே எழுத்து, 'ள'வும் இல்லை, 'ழ'வும் இல்லை. அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த 'ள'னா, 'ல'னா விஷயத்தில் அவள் பிறகும் திருந்தவில்லை. 'நெத்திலி கிள்ளும் ஒளி' என்று தலைப்புப் போட்டு, "ஒளியைக் காணோமே, வீடியோ இருட்டாக அல்லவா இருக்கிறது" என்று ஒருவரைக் கேட்க வைத்தாள். அலமாரிக்குள் வேறு எப்படி இருக்கும்?

கேட்பவர்கள் மெல்லக் கூடினார்கள். பெரும்பாலும் தனியாக இருக்கிறவர்கள் என்று கமெண்ட்டிலிருந்து தெரிந்தது. கத்தாரில் தோஹாவின் நஜ்மாவில் ஓட்டல் வேலை செய்யும் ஒருவர், அதே நாட்டில் ராஸ் லஃபானில் கேஸ் கம்பெனி கேம்ப்பில் ஆறு பேரோடு ஒரே ரூமில் இருக்கும் ஒருவர், சென்னையில் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண். 'இன்று நன்றாகத் தூங்கினேன்' என்பதற்கு மேல் அவர்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

4

ஷெரின் பிளஸ் டூ வந்த வருடம் ஒரு வீடியோ செய்தோம். அதில் நான் நர்ஸ், கேட்கிறவர் நோயாளி. "கொஞ்சம் கிட்ட வாங்க. கைய குடுங்க. பயப்படாதீங்க. பிரஷர் பாக்கப் போறேன், ஒரு நிமிஷம் இறுக்கும், பொறவு விட்டுரும்..." நான் தினமும் எத்தனையோ பேரிடம் சொல்வதுதான். டியூட்டியிலிருந்து வந்த கையோடு செய்ததால் யூனிஃபார்மிலேயே உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அதில் முப்பது விநாடியை யாரோ வெட்டி எடுத்தார்கள். "கிட்ட வாங்க, கைய குடுங்க, பயப்படாதீங்க" என்பதோடு நிறுத்தி, மேலே ஒரு தலைப்பும் போட்டுப் பரப்பினார்கள். அந்தத் தலைப்பை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கள் ஊர்க் கோயில் பங்கின் வாட்சாப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து சகாயத்தின் மூத்த அண்ணன் மரியதாசின் போனுக்குப் போனது. அண்ணன் பங்குப் பேரவையில் உறுப்பினர். போனை சகாயம் ஸ்பீக்கரில் போட்டார்.

"லேய் சகாயம், அவ என்ன வேல பாக்குகா அங்க? நர்ஸ் வேலதான?"

"என்ன அண்ணே இப்பிடிக் கேக்குதிய?"

"நானா கேக்குதேன்? ஊரு கேக்கு. நேத்து கூட்டத்துல ஒருத்தன் எனக்க மொகத்தப் பாத்து, 'கிட்ட வாங்க'ங்கான். தல காட்ட முடியல்ல. அந்த எழவ முதல்ல அழி."

சகாயம் போனை வைத்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பா எடுத்துப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். பசியில்லை என்றார். சைட்டில் தமிழ் ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அங்கேயும் அந்த முப்பது விநாடி போயிருந்தது என்பதை நானாகப் புரிந்துகொண்டேன்.

நான்கு நாள் கழித்து நர்ஸிங் ஆபீஸிலிருந்து அழைப்பு. என்மேல் புகார் வந்திருக்கிறது, யூனிஃபார்மில் முறையற்ற வீடியோ, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. வேலை போனால் எனக்கு இக்காமா என்ற தங்கும் அனுமதி போகும். ஷெரினின் இக்காமா என்னுடையதோடு ஒட்டியது. பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

"அழிச்சிரு" என்றேன் ஷெரினிடம். "வீடியோ மட்டுமில்ல, எல்லாத்தையும். சேனலே வேண்டாம்."

அவள் லேப்டாப்பை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நோ."

"சொன்னதக் கேளு."

"அழிச்சா நாம தப்பு செஞ்சோம்னு ஆயிரும் மம்மி. நாம ஒண்ணும் தப்பு செய்யல. நீ அதுல என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். நான்தான் அத நாப்பது தடவ கேட்டு வெட்டினேன். ஒரு வார்த்த கூட தப்பில்ல. அவனுவ வெட்டினது தப்பு. அதுக்கு நாம ஏன் ஒளியணும்?"

அழுதுகொண்டேதான் சொன்னாள். 'மம்மி' தவிர இடையில் ஓர் ஆங்கிலச் சொல் இல்லை. 'அவனுவ' என்றுகூடச் சொன்னாள். அது எங்கள் கரையில் பேசுவது. நான் ஒருபோதும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அதை யோசித்துக்கொண்டு நின்றதில் பதில் சொல்ல மறந்துவிட்டேன். சேனல் அப்படியே இருந்தது.

5

ஆபீஸில் மூன்று பேர். மேட்ரன் சிஸ்டர் ஹனான், எகிப்துக்காரி. நிர்வாகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, வெள்ளை திஷ்தாஷா அங்கியில். ஓரத்தில் கிளார்க் பிஜு. அவர் மலையாளி. தமிழும் தெரியும், அரபியும் தெரியும் என்பதால் அழைத்திருந்தார்கள்.

அதிகாரி முப்பது விநாடித் துண்டைப் போட்டுக் காட்டினார். அந்த அறையில் என் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"லேஷ்?" என்றார். ஏன் என்று அர்த்தம். பிறகு ஆங்கிலத்தில், "ஒய் லைக் திஸ்? ஒய் சீக்ரெட்?"

ரகசியம் இல்லை, தூங்குவதற்கு உதவி என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது.

"ஃபார் ஸ்லீப்பிங், சார். பீப்பிள் ஸ்லீப் வித் மை வாய்ஸ்."

சிஸ்டர் ஹனான் கண்ணை மூடிக்கொண்டார். பிஜு தரையைப் பார்த்தார். அதிகாரி பிறகு முழு வீடியோவும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அழித்திருந்தால் இருந்திருக்காது. பிஜுவிடம் இயர்போனைக் கொடுத்து, கேட்டுக் கேட்டு அரபியில் சொல்லச் சொன்னார்கள்.

பிஜு கேட்கத் தொடங்கினார். முதல் இரண்டு வரியைச் சாதாரணமாகச் சொன்னார். பிறகு, காதில் விழுந்த குரலோடு அவர் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை. கேட்பதற்காக அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அரபி ஓரளவு புரியும். உங்கள் கை சில்லென்று இருக்கிறது. இப்போது இறுக்கும். இதோ விட்டுவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. நான் இங்கேதான் இருப்பேன். வேண்டியிருந்தால் கூப்பிடுங்கள். இனி உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

நான் சொன்னதை இன்னொரு மொழியில், ஓர் ஆண் குரலில் கேட்டபோது, அது யாரோ எனக்குச் சொல்வது மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. ஆனால் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பிஜு இயர்போனைக் கழற்றினார்.

"பஸ்?" என்றார் அதிகாரி. அவ்வளவுதானா என்று அர்த்தம்.

"பஸ்" என்றார் பிஜு.

அதிகாரி தாடையைத் தேய்த்துக்கொண்டார். யூனிஃபார்மில் இனி எதுவும் செய்யக்கூடாது, மருத்துவமனையின் பெயர் வரக்கூடாது, விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கக் கூடாது, அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டேன். "கலாஸ்", முடிந்தது, என்று எழுந்தார்.

சிஸ்டர் ஹனான் என்னோடு தாழ்வாரம்வரை வந்தார். லிஃப்ட் வருவதற்குக் காத்திருக்கும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஜெசி, இந்தக் கட்டடத்தில் எந்த ஆணிடமும் 'ஸ்லீப்' என்ற சொல்லை இனிமேல் பயன்படுத்தாதே."

ஒப்பந்தம் புதுப்பித்துக் கிடைத்தது.

6

ஊர் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. மரியதாஸ் அண்ணன் திரும்பவும் கூப்பிட்டார். இன்னுமா அழிக்கவில்லை என்று ஆரம்பித்தார். சகாயம் சாதாரணமாக அண்ணனை எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, நீங்க அத முழுசும் கேட்டியளா?"

"நான் எதுக்கு கேக்கணும்?"

"சும்மா சொல்லுங்க."

"கேட்டேன். என்னதான் சொல்லுகான்னு தெரியாண்டாமா? நேத்து மத்தியானம் அந்த நெத்திலி கிள்ளுகதப் போட்டுப் பாத்தேன்."

"பெறவு?"

"பெறவு என்ன?"

"முழுசும் கேட்டியளா?"

அண்ணனுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "எங்க கேட்டாவ? வாயத் தொறந்து போட்டு சாயங்காலம் வர ஒறக்கம். கூட்டத்துக்கும் போவல்ல."

சகாயம் சிரிக்கவில்லை. "சரி அண்ணே, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டு, அடுக்களையில் போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவினார். நான் சோறு வைத்துக் கொடுத்தேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோயிலில் எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கும் குடும்பம் இன்னும் இருக்கிறது. போன லீவில் ஊருக்குப் போனபோது பஸ்சில் இரண்டு பையன்கள் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். அது எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை.

7

வளைகுடாவில் வளரும் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ முடிந்ததும் ஒரு கதவு மூடிக்கொள்ளும். அதற்குமேல் இங்கே படிக்க வைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது. ஷெரினுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. அவள் பிறந்ததிலிருந்து விடுமுறைக்கு மட்டும் போன நாட்டுக்கு, இந்த முறை திரும்பி வராமல் இருக்கப் போனாள். அங்கே ஹாஸ்டலில் அவள் பேசும் தமிழைக் கேட்டு, "நீ குவைத்தா, குளச்சலா?" என்று கேட்கிறார்களாம். என் குரலை வாக்கியம் வாக்கியமாக வெட்டி ஒட்டியதில் அவளுக்குள் என் பேச்சு முழுக்க ஏறியிருக்கிறது. இதை ஒரு குறையாக அவள் என்னிடம் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை.

சேனலை நானே பார்த்துக்கொள்கிறேன். வெட்டத் தெரியாததால் என் இருமலும் கீழ்வீட்டுக் கதவும் சேர்ந்தேதான் வருகின்றன. யாரும் குறை சொல்லவில்லை.

போன மாதம் ஒரு காலையில், நான் லீவில் இருந்த நாள், ஷெரின் வீடியோ காலில் கூப்பிட்டாள். ஹாஸ்டல் கட்டிலில் போர்வையோடு கிடந்தாள். முகம் சிவந்திருந்தது.

"காய்ச்சல் மம்மி. ரெண்டு நாளா."

"டெம்பரேச்சர் பாத்தியா? மாத்திர?"

"போட்டேன். டாக்டர் வைரல்னு சொன்னாங்க. தூக்கம் வரல."

என் குரல் தானாக இறங்கியது. இத்தனை வருடப் பழக்கம். "சரி மக்களே. கண்ண மூடு. போன தலமாட்டுல வை. தோள தளர விடு. இப்ப நெத்தியில ஒரு ஈரத்துணி வைக்கப் போறேன்..."

"மம்மி."

"என்ன?"

"அப்பிடிப் பேசாத. அது எல்லாருக்கும் பேசுறது."

"பெறவு எப்பிடிப் பேச?"

"சத்தமாப் பேசு. ஏசு. வீட்ல எனக்குக் காய்ச்சல் வந்தா நீ ஏசிக்கிட்டே இருப்பியே, அது மாதிரி."

கடலில் நிற்கும் வள்ளத்துக்குக் கரையிலிருந்து கூப்பிட்டுச் சொல்கிற ஆட்கள் நாங்கள். ஆஸ்பத்திரிக்காகவும் ஷேரிங் ஃபிளாட்டுக்காகவும், பிறகு அந்த மைக்குக்காகவும் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வைத்திருந்தேன்.

"எடியே!" என்றேன். "தல நனஞ்சு துவட்டாமப் படுத்தியாடி? சொன்னா கேக்கியாடி நீ? கஞ்சி குடிச்சியா இல்லியா? ஃபேன எதுக்குடி அவ்வளவு வேகத்துல போட்டிருக்க, சாவதுக்கா? அந்த வார்டனக் கூப்பிடு, நான் கேக்குதேன்!"

பக்கத்து அறைக் கதவு திறந்தது. நைட் டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்த பிந்து தலையை நீட்டினாள். "எந்தா சேச்சி? எந்து பற்றி?"

ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். போனில் ஷெரின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருமலும் சேர்ந்து வந்தது.

"இன்னும்" என்றாள்.

ஏசுவதற்கு நிறைய இருந்தது. ஏசினேன்.